பற்றரிக்குள் இருக்கும் அந்தத் திரவம்

போன மாதம் என் பழைய போனின் பின்மூடி தானாகவே எழும்பிவிட்டது. உள்ளே பற்றரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. தொட்டு அமத்தாமல் மெதுவாகத் தூக்கிப்போய் முற்றத்தில் மணல் வாளிக்குள் வைத்தேன். பற்றரியின் இரு முனைகளான அனோட்டுக்கும் கதோட்டுக்கும் நடுவில் அயன்கள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், நீந்துவதற்கென்று ஒரு சேதனத் (காபன் சார்ந்த) திரவம் இருக்கிறதே, அது சிதைந்து வாயுவானால் இப்படித்தான் வீங்கும். அந்தத் திரவம் நன்றாகத் தீயும் பிடிக்கும்.

"ஆனையிறவில இவ்வளவு உப்புக் கிடக்கு, பிறகேன் இலித்தியம் தேடுறாங்கள்?" என்று மாமா கேட்பார். சரியான கேள்விதான், போன் பற்றரியில் ஓடுவது இலித்தியம் அயன், அதற்குப் பதிலாக உப்பிலுள்ள சோடியத்தையும் ஓடவிடலாம், அது தாராளமாகக் கிடைக்கும். ஆனால் இன்றைய சோடியம் அயன் பற்றரிகளிலும் பெரும்பாலும் அதே வகைத் திரவம்தான்.

திரவத்தை எடுத்துவிட்டுத் திண்மத்தை வைத்தால்? 1976இல் ஹொங், குட்இனஃப் ஆகிய விஞ்ஞானிகள் காட்டிய நாசிக்கொன் என்ற பீங்கானில் சேர்கோனியம், சிலிக்கன், பொசுபரசு, ஒட்சிசன் சேர்ந்து அசையாத ஒரு கூடாக நிற்கும், அதற்குள் ஒடுங்கிய வழிகளும் இடையிடையே வெற்றிடங்களும் இருக்கும். நெரிசலான பருத்தித்துறை பஸ்ஸில் முன்னால் ஒருவர் நகர, அந்த இடத்துக்குப் பின்னால் நிற்பவர் வருவதுபோல சோடியம் அயன்கள் ஒவ்வொன்றாகத் தாவிப் போகும். பொசுபரசு சிலவற்றின் இடத்தில் சிலிக்கனை வைத்தால் மின்னேற்றத்தைச் சமப்படுத்தக் கூடுதல் சோடியமும் உள்ளே வரும், ஓட்டம் கூடும்.

உள்ளே ஓடுவதை விட, வெளியே தொடுவதுதான் பெரிய தலையிடி. பீங்கானும் விறைப்பு, கதோட்டுத் துகளும் விறைப்பு, இரண்டும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் முட்டும். சார்ஜ் ஏறி இறங்கும்போது கதோட்டு விரிந்து சுருங்குவதால் அந்தத் தொடுகையும் விட்டுப்போகும்.

பொலிஎத்திலீன் ஒட்சைட்டு போன்ற பல்பகுதியம் (பிளாஸ்டிக் மாதிரி, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது) மெதுமையானது, நன்றாக ஒட்டும். ஆனால் அறை வெப்பநிலையில் அதன் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிப் பளிங்காகிவிடுவதால் அயன்கள் சிக்கிக்கொள்ளும், ஒழுங்காக வேலை வாங்க 60 பாகை அளவுக்குச் சூடாக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால்? பல்பகுதியக் கரைசலில் நாசிக்கொன் தூளைக் கலந்து மெல்லிய படலமாக ஊற்றி உலர்த்துவார்கள், தொதலுக்குள் கயூ போல. தூள் இடையில் நிற்பதால் சங்கிலிகள் அடுக்க முடியாது, படலமும் உறுதியாகும். அளவு மீறினால் தூள் கட்டிபட்டு அயனின் வழியையே மறிக்கும், அதனால் அளவுதான் இங்கே கைப்பக்குவம்.

பல்பகுதியமும் எரியக்கூடியதுதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது ஒழுகாது, அந்தத் திரவம்போல இலகுவில் ஆவியாகாது. கூரையில் சோலர் போட்டுவிட்டு, பிள்ளைகள் படுக்கிற அறைச் சுவரோடு பற்றரியை வைக்கிற வீடுகளை நினைத்தால், எனக்கு விலையை விட அந்த வித்தியாசம்தான் பெரிதாகத் தெரிகிறது.