மத்ரஸா: சொல்லும் பொருளும் தமிழ் நிகரும்

யாழ்ப்பாணத்துச் சோனகர் தெருவில் காலை நேரத்தில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தேடினால், “தம்பி ஓதப் போட்டான், வந்துதான் பள்ளிக்கூடம் போவான்” என்று உம்மா சொல்வார். அந்த ஒரு வசனத்தில் இரண்டு கல்விக்கூடங்கள் இருக்கின்றன. முதலாவதை, குர்ஆன் ஓதப் போகும் இடத்தை, நாம் மத்ரஸா என்கிறோம். இரண்டாவதை ஒருபோதும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் அரபு மொழியில் இரண்டுமே மத்ரஸாதான்.

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேரிலிருந்து கிளைப்பவை. த-ர-ஸ என்ற வேருக்குக் கற்றல் என்பது பொருள். ‘தர்ஸ்’ பாடம், ‘முதர்ரிஸ்’ ஆசிரியர், முன்னே ‘ம’ சேர்ந்து இடத்தைக் குறிக்கும்போது ‘மத்ரஸா’, அதாவது கற்கும் இடம். தொழுகையில் சிரம்பணியும் இடம் ‘மஸ்ஜித்’ ஆவதும், எழுத்துப் பயிலும் இடம் ‘மக்தப்’ ஆவதும் இதே முறையில்தான். எதைக் கற்பது என்று இந்தச் சொல் வரையறுக்கவில்லை. இன்றும் அரபு நாடுகளில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கும் சாதாரண அரசாங்கப் பாடசாலைக்கு இதுவே பெயர்.

தமிழுக்கு வந்தபோது சொல் சுருங்கியது. குர்ஆனை ஓதவும் மார்க்க ஒழுங்குகளை அறியவும் பிள்ளைகள் கூடும் இடம் என்ற அளவில் அதன் பொருள் நின்றுவிட்டது. இந்தச் சுருக்கத்தால் நமது கல்வி வரலாற்றின் ஒரு முக்கியமான பகுதியை இளையோர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள் என்பதே எனது கவலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தது. பிள்ளை மதம் மாறிவிடும் என்ற அச்சத்தினால் முஸ்லிம் பெற்றோர் பலர் அந்தப் பாடசாலைகளை ஒதுக்கினர். அதனால் உத்தியோகமும் சட்டமும் மருத்துவமும் அவர்களுக்கு எட்டாமல் போயின. அதே அச்சத்துக்குச் சைவர் தரப்பில் ஆறுமுக நாவலர் கண்ட மறுமொழி, 1848 இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை. முஸ்லிம்களிடையே அந்த வேலையைத் தோளில் சுமந்தவர் கண்டியில் பிறந்த வழக்கறிஞர் எம். சி. சித்திலெப்பை (1838–1898). 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கத்தை விடாமலே நவீன கல்வியைப் பெறமுடியும் என்று தமது சமூகத்தவருக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். அவரும், கொடைவள்ளல் வாப்பிச்சி மரிக்காரும், எகிப்திலிருந்து இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷாவும் முன்னின்று உழைத்ததன் பயனாக 1892 இல் கொழும்பு மருதானையில் ஒரு பாடசாலை எழுந்தது. அதற்கு இட்ட பெயர் ‘அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா’. இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுவே. அந்தப் பெயரைப் படித்துவிட்டு, அது ஓதிக்கொடுக்கும் இடமாகத் தொடங்கிப் பிறகு கல்லூரியாக மாறியது என்று எண்ணுவது தவறு. நவீன கல்விக்காக எழுந்த பாடசாலைக்கே அவர்கள் மத்ரஸா என்ற சொல்லை அதன் முழுப் பொருளில் வைத்தார்கள்.

இனித் தமிழ் நிகர். ‘பள்ளி’ என்று உடனே சொல்லத் தோன்றும். படுக்கும் இடத்தைக் குறித்த அச்சொல், சமண முனிவர் தங்கிய குகைகளுக்கும் மடங்களுக்கும் ஆகி, அங்கே கல்வி நடந்ததால் கற்கும் இடத்துக்கும் ஆகி, முஸ்லிம்களின் வழக்கில் தொழும் இடத்துக்கும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் ‘பள்ளி’ என்றால் போதும், பாடசாலை என்று விளங்கிக்கொள்வார்கள். எங்கள் ஊரிலோ ‘பள்ளிக்குப் போனான்’ என்றால் தொழப் போனான் என்றே பொருள். ஆகவே மத்ரஸாவின் விரிந்த பொருளுக்குப் ‘பள்ளிக்கூடம்’ என்பதையே நிகராகக் கொள்வேன். ‘வித்தியாசாலை’ வடமொழி, ‘பாடசாலை’யும் அவ்வாறே.

சுருங்கிய பொருளுக்கு ‘ஓதற்பள்ளி’ என்பது மிகவும் பொருந்தும். ஓதுதல் கடன் வாங்கிய சொல்லன்று. “ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும்” என்பது குறள் (834). கோயிலில் தேவாரம் பாடுபவர் ஓதுவார்; றஹ்ல் என்ற மரத் தாங்கியில் குர்ஆனை விரித்து வைத்து, வரியின் மேல் விரலை நகர்த்தி ராகத்தோடு வாசிக்கும் பிள்ளையும் ஓதுகிறது. வண்ணார்பண்ணையில் அருகருகே வாழும் இரண்டு சமயத்தாருக்கும் ஒரே வினைச்சொல்.

அதே வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் குர்ஆன் மத்ரஸாவில் ஓதி, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கையின் முதலாவது முஸ்லிம் சிவில் சேவை அதிகாரியாகி, 1948 முதல் 1961 வரை ஸாஹிராவின் அதிபராக இருந்தார். ஆகவே அவரைப் பற்றி எழுதுவோர் அவர் சிறுவயதில் ஓதிய இடத்தை ஓதற்பள்ளி என்றும், 1892 இன் ‘மத்ரஸதுஸ் ஸாஹிரா’வை ஸாஹிராப் பள்ளிக்கூடம் என்றும் பெயர்த்தால், அரபில் ஒரே சொல்லாக இருக்கும் இரண்டையும் தமிழ் வாசகர் பிரித்தறிவார்.