சளி எப்படிக் கொடுத்தீர்கள் என்று யார் கேட்டார்கள்?

வார்டில் ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருந்தோம். ஒரு மாணவர் தன் நோயாளியைப் பற்றிச் சொன்னார். நாற்பது வயதை நெருங்கும் பெண். ஒரு மாதத்துக்கு மேலாக இருமல், மாலையானால் காய்ச்சல், எடை குறைந்திருக்கிறது. எக்ஸ்-ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் நிழல். காசநோயா என்று பார்க்கச் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். "சளி டெஸ்ட் நெகட்டிவ், டாக்டர்" என்று முடித்தார்.

"சளியை எப்படிக் கொடுத்தார்?" என்று கேட்டேன்.

அவருக்குப் பதில் தெரியவில்லை. அது ஒரு கேள்வி என்றே அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அம்மாவிடமே கேட்டேன். "வரிசையில நிக்கும்போதே டப்பாவைக் குடுத்தாங்க டாக்டர். சுத்தி ஆம்பளைங்க நின்னுட்டிருந்தாங்க. அவங்க முன்னாடி காறித் துப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. வாயில இருந்ததைத் துப்பிக் குடுத்துட்டேன்."

அதாவது, ஆய்வகத்துக்குப் போனது எச்சில். எச்சிலில் கிருமி இல்லை என்று ஆய்வகம் சொன்னது. அதை நாங்கள் 'சளி நெகட்டிவ்' என்று எழுதிக்கொண்டோம்.

மறுநாள் காலை செவிலியர் ஒருவர் அவரைத் தனியாக, காற்றோட்டமான திறந்த இடத்துக்கு அழைத்துப் போனார். வாயைத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி, வருவதை டப்பாவில் துப்பச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். முதல் டப்பாவில் தண்ணீர் போல நுரைத்துக்கொண்டிருந்த இடத்தில், இந்த முறை கெட்டியாக, மஞ்சளாக வந்தது. முடிவு பாசிட்டிவ்.

இதை ஒரு தனி மனிதரின் கதையாக நான் சொல்லவில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஒரு காசநோய் மையத்தில் இதையே முறையான ஆய்வாகச் செய்து பார்த்தார்கள். 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்குச் சளி கொடுக்கும் முறையைச் சில நிமிடம் விளக்கினார்கள், இன்னொரு பிரிவினருக்கு வழக்கம்போல டப்பாவை மட்டும் கொடுத்தார்கள். விளக்கம் கேட்ட பெண்களில் 13 சதவீதம் பேருக்குக் கிருமி தெரிந்தது. கேட்காத பெண்களில் 8 சதவீதம் பேருக்குத்தான். புது மருந்தோ புது இயந்திரமோ எதுவும் இல்லை. சில நிமிடப் பேச்சு, அவ்வளவுதான்.

நுரையீரல் மருத்துவமும் மருத்துவக் கல்வியும் என் வேலை. காசநோயைப் பற்றிக் கேட்டால் மாணவர்கள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தது, கிருமியின் சுவரில் உள்ள மெழுகு, சாயம் ஏற்றும் முறை, நான்கு மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றின் பக்கவிளைவு. எல்லாம் தேவைதான். ஆனால் அந்த டப்பா ஒரு பெண்ணின் கைக்கு வந்து ஆய்வக மேசைக்குப் போகும் வரை என்ன நடக்கிறது என்பது எந்த வகுப்பிலும் வருவதில்லை. மருத்துவப் படிப்பில் பாலினமும் வர வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். பால் என்பது உடல். அந்த உடலுக்கு என்ன வேலை, எதற்கு வெட்கப்பட வேண்டும், யாரைக் கேட்டுவிட்டு வெளியே போகலாம், கையில் எவ்வளவு பணம் இருக்கும் என்று சுற்றியிருப்பவர்கள் வகுத்து வைத்திருப்பது பாலினம். கிருமிக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் கிருமியைக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்த பிறகு ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு முடிப்பதும் முழுக்க இதற்குள்தான் நடக்கிறது.

பாலினம் என்றதும் மாணவர்கள், "அது மகப்பேறு வகுப்பில் வரும், மேடம்" என்பார்கள். பெண் என்றாலே கர்ப்பப்பை என்று நாமே பழக்கிவிட்டோம். சரி, அந்த வழியாகவே வருவோம். அந்த நான்கு மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் பற்றிக் கேளுங்கள், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதே மருந்து, கல்லீரலில் ஹார்மோன்களைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிட்டுக் கருத்தடை மாத்திரையைப் பலனில்லாமல் ஆக்கிவிடும் என்பதைச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. புத்தகத்தில் இருக்கிறது. படித்தும் இருக்கிறார்கள். ஆனால் கட்டில் பக்கத்தில் நின்று, "கருத்தடைக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்க வாய் வருவதில்லை. கல்யாணமாகாத பெண் என்றால் அந்தக் கேள்வியே கேஸ் ஷீட்டில் இருக்காது. ஆறு மாதச் சிகிச்சைக்கு நடுவில், நினைத்துப் பார்க்காத நேரத்தில் ஒருவர் கர்ப்பமாகிறார். மருந்தைத் தொடரலாமா என்ற பயத்தில் அவராகவே நிறுத்தியும் விடுகிறார். கேட்கக் கூச்சப்பட்டது நாம்; அதன் பலனை அனுபவிப்பது அவர்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது காசநோய் மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால்: ஹார்மோன் மாத்திரையையோ, கையில் வைக்கும் இம்ப்ளான்டையோ நம்பியிருக்காதீர்கள். ரிஃபாம்பிசினை நிறுத்தி நான்கு வாரம் ஆகும் வரையிலும் அதன் தாக்கம் இருக்கும். காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத முறை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் காசநோய் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். வழக்கமான முதல்நிலை மருந்துகளைக் கர்ப்ப காலத்திலும் கொடுக்கிறோம். குழந்தையின் காதைப் பாதிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைத்தான் தவிர்க்கிறோம்.

இன்னொன்று, குழந்தையின்மை. காசநோய்க் கிருமி ரத்தம் வழியாகக் கருக்குழாய்களுக்குப் போய் அவற்றை அடைத்துவிடும். இருமல் இருக்காது, காய்ச்சல்கூட இல்லாமல் போகலாம். குழந்தை இல்லையே என்று பரிசோதனைக்கு வரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அதற்குள் பல வருட ஏச்சும் பேச்சும் கேட்டிருப்பார்கள். நுரையீரலை ஒரு துறையில் படிக்கிறார்கள், கருக்குழாயை இன்னொரு துறையில் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே பெண்ணுக்குள் இருக்கின்றன என்பதைச் சேர்த்துச் சொல்ல யாருக்கும் பாடவேளை ஒதுக்கப்படவில்லை.

ஆண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நானும் அதே தப்பைச் செய்தவளாவேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் காசநோய் வந்தவர்கள் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர். அதில் ஆண்கள் 60 லட்சம், பெண்கள் 36 லட்சம், மீதி குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும். பல நாடுகளில் ஊர் ஊராகப் போய்ப் பரிசோதித்த ஆய்வுகளில், ஆண்களிடம் நோய் பெண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஆனால் சிகிச்சைக்குப் பதிவானவர்களிடையே அந்த இடைவெளி அவ்வளவு பெரிதாக இல்லை. அப்படியென்றால் நோயோடு வெளியே நடமாடிக்கொண்டிருக்கும் ஆண்கள் ஏராளம். புகை, மது, தூசியும் நெரிசலுமான வேலையிடம் எல்லாம் சேர்கின்றன. ஒரு நாள் லீவு போட்டால் கூலி போய்விடும். 'இருமலுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா' என்ற வீராப்பு வேறு. இதுவும் பாலினம்தான்.

இவர்களில் ஒருவர் பாதியில் மருந்தை விட்டால், கேஸ் ஷீட்டில் 'டிஃபால்டர்' என்று எழுதினோம். கடனைக் கட்டாமல் ஓடியவரைச் சொல்வது போல. 2013-இல் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'தொடர்பு விட்டுப்போனவர்' என்ற பொருளில் வேறு சொல்லைக் கொண்டுவந்தது. தொடர்பு விட்டுப்போனது என்றால் அதில் நம் பங்கும் இருக்கிறது என்றாகிறது. அப்படியும் வார்டில் இன்றுவரை பழைய சொல்தான் காதில் விழுகிறது. "ஏன் விட்டார்?" என்று நான் கேட்டால், "குடிப்பார், மேடம்" என்கிறார்கள். எந்த நேரத்துக்கு வேலைக்குப் போகிறார், மருந்து கொடுக்கும் இடம் அப்போது திறந்திருக்கிறதா என்று பார்த்தவர்கள் அபூர்வம்.

பாலினத்துக்கென்று தனியாக ஒரு வகுப்பு வைத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மதியம் ஒரு மணி நேர வகுப்பு, அப்புறம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, அதோடு மறந்துவிடும். தேர்வில் எது கேட்கப்படுகிறதோ அதைத்தான் மாணவர்கள் வார்டில் செய்கிறார்கள். அதனால் நான் தேர்விலேயே கைவைத்தேன். காசநோய் கேஸ் வந்தால் மருந்தின் அளவைக் கேட்பதற்கு முன்னால் இதையெல்லாம் கேட்கிறேன்: சளி எங்கே, எப்படி எடுக்கப்பட்டது? இவருக்கு நோய் என்று வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறார்? மருந்து வாங்க வர யாருடைய அனுமதி வேண்டும், எந்த வேலையை விட்டுவிட்டு வர வேண்டும்? கருத்தடை பற்றிப் பேசினீர்களா? முதல் வருடம் பலர் திணறினார்கள். சிலருக்குக் கோபமும் வந்தது. பாடத்தில் இல்லாததைக் கேட்கிறேன் என்றார்கள்.

போன மாதம் ரவுண்ட்ஸ் முடிந்து திரும்பும்போது, வார்டின் கடைசியில் ஒரு மாணவி முகக்கவசத்தோடு நின்றிருந்தார். கையில் மூடிய சளி டப்பா. ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, புது டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினார். "அம்மா, வெளியே மரத்தடியில யாருமில்லை. அங்க போய் இன்னொரு தரம் முயற்சி பண்ணலாமா?"