டெஸ்டோஸ்டிரோன்: 'ஆண்மை இயக்குநீர்' என்று எழுதலாமா?

ஆண்களின் உடம்பில் அதிகம் சுரக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத் தமிழில் எழுத வேண்டியவர்கள் பெரும்பாலும் 'ஆண்மை இயக்குநீர்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லோடு பெரிய தகராறு உண்டு, ஏனென்றால் அதை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பையன்களை வேலூரில் பார்க்கிறேன்.

முதலில் மூலச் சொல். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் என்பவரின் ஆய்வுக் குழு, காளைகளின் விதைகளைக் கிலோக் கணக்கில் அரைத்து வடித்து, அதிலிருந்து சில மில்லிகிராம் படிகத்தைப் பிரித்தெடுத்தது. அதற்கு வைத்த பெயர்தான் இது. விதையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான டெஸ்டிஸ், கொழுப்பு வகையைக் குறிக்கும் ஸ்டீரால், வேதியியலில் கீட்டோன் என்று சொல்லும் அமைப்பு, இந்த மூன்றையும் வெட்டி ஒட்டியது. எங்கே கிடைத்தது, எதனால் ஆனது என்பதைத் தவிர அந்தப் பெயரில் வேறு எதுவும் இல்லை; வீரமும் இல்லை, மீசையும் இல்லை. அதே வருடம் வேதியியலாளர்கள் புட்டனான்ட்டும் ருசிக்காவும் கொலஸ்ட்ராலில் இருந்து இதைச் செயற்கையாகவே செய்து காட்டினார்கள், 1939இல் வேதியியல் நோபல் இருவருக்கும் போனது.

ஹார்மோன் என்ற சொல் இன்னும் பழசு, 1905இல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது, 'தூண்டிவிடு' என்ற பொருள் தரும் கிரேக்க வேர். அதற்கு இயக்குநீர் என்பது நல்ல தமிழ், அதில் எனக்குக் குறையில்லை.

தகராறு 'ஆண்மை'யில்தான். ஆள் என்ற வேரில் இருந்து ஆளும் தன்மை என்ற பொருளில் வந்த சொல் அது, வேளாண்மை, தாளாண்மை, மேலாண்மை எல்லாவற்றிலும் இருப்பது அதுதான், அங்கெல்லாம் ஆண் பெண் பேச்சே கிடையாது. பிற்பாடு ஆணின் தன்மை என்ற பொருள் மேலோங்கி, இன்றைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சுவர்களில் 'ஆண்மைக் குறைவா?' என்று லாட்ஜ் ரூம் நம்பரோடு ஒட்டும் அளவுக்கு அந்தச் சொல் சுருங்கிவிட்டது. இந்தச் சொல்லைக் கொண்டுபோய் ஒரு வேதிப்பொருளுக்கு வைத்தால் கேட்பவன் என்ன நினைப்பான்? கூடினால் ஆண்மை கூடும், குறைந்தால் குறையும் என்றுதானே. ஆனால் உடம்பில் நடப்பது பல சமயம் இதற்கு நேர்மாறு.

அதனால் 'விந்தக இயக்குநீர்' என்று எழுதலாம் என்பது என் கட்சி. விந்தகம் என்றால் விதைதான், பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே இருக்கும் சொல், அங்கே உள்ள லீடிக் செல்கள்தான் ஆண்களுக்கு இதைச் சுரக்கின்றன. பெண்களுக்கும் சினைப்பையிலும் அட்ரீனல் சுரப்பியிலும் கொஞ்சம் சுரக்கும், அந்த வகையில் இந்தப் பெயரும் முழுப் பொருத்தம் இல்லைதான், ஆனால் அந்தக் குறை மூலச் சொல்லிலேயே இருக்கிறது.

சரி, கூடுவது என்றால் என்ன? வளர்ந்த ஆணுக்கு ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 300 முதல் 1,000 நானோகிராம் வரை இயல்பு, லேப்புக்கு லேப் கொஞ்சம் மாறும். இயற்கையாகவே இதைத் தாண்டி ஏறுவது அபூர்வம். விந்தகத்திலோ அட்ரீனலிலோ கட்டி இருந்தால் ஏறலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், சில வலிப்பு மாத்திரைகளாலும், இந்த இயக்குநீரைச் சுமந்து செல்லும் புரதம் கூடி, மொத்த அளவு மட்டும் பெரிதாகத் தெரியும். அந்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருந்து உடம்புக்கு உதவும் அளவு சரியாகவே இருக்கும். முடிக்காக பயோட்டின் மாத்திரை விழுங்குபவர்களுக்குச் சில பரிசோதனைக் கருவிகள் பொய்யாகவே அதிகம் காட்டும். இவ்வளவையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது வெளியில் இருந்து டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும் ஊசி.

விடியற்காலையில் கோட்டை மைதானம் பக்கம் போனால் தெரியும், போலீஸ் செலக்‌ஷனுக்கும் மிலிட்டரிக்கும் எத்தனை பையன்கள் ஓடுகிறார்கள் என்று. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடும் ஊர்ப்பக்கம் இது, அந்த ஆசையில் தப்பே இல்லை. ஓட்டம் முடிந்து ஜிம்முக்குப் போகும்போதுதான் யாரோ ஒருவர் "இன்னா தம்பி, இன்னும் ஒல்லியாவே கீற, ஒரே ஒரு கோர்ஸ் போட்டுப் பாரு" என்று ஆரம்பிக்கிறார். எண்ணெய் மாதிரி மஞ்சளாக ஒரு சின்னச் சீசா. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து, கையோடு கை மாறுகிறது.

அப்படிப் போட்ட ஒரு பையன் சட்டையைக் கழற்றியபோது பக்கத்தில் இருந்தேன். தோளிலும் முதுகிலும் கொத்துக் கொத்தாகப் பருக்கள், சில சீழ் வைத்து, பனியன் உரசினாலே எரிகிறது என்றான். கை நன்றாகத்தான் திரண்டிருந்தது. ஆனால் ஒரு பக்க மார்க்காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவு கட்டி, தொட்டால் வலி. தேவைக்கு மேல் உள்ளே போகும் இந்த இயக்குநீரில் ஒரு பகுதியை உடம்பே, பெண்களுக்கு அதிகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும், அதனால் வருவது அது. இதற்குத்தான் ஆண்மை இயக்குநீர் என்று பெயர் வைத்திருக்கிறோம்!

வெளியே தெரியாதது இன்னும் மோசம். வெளியில் இருந்து மருந்து வந்ததும் மூளை, போதும் என்று விந்தகத்துக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தகம் சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு ஒன்றுமே இல்லாமல் போகும். ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், தூக்கத்தில் மூச்சு தடைபடலாம், எதற்கெடுத்தாலும் கோபம் வரும். வழுக்கையை மட்டும் வைத்து அளவு கூடிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், அதில் பரம்பரைக்குத்தான் பெரிய பங்கு.

சந்தேகம் இருந்தால் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள், அதிகம் என்று வந்தால் இன்னொரு நாள் திரும்பப் பாருங்கள். கூடவே எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். (விந்தகத்துக்கு உத்தரவு கொண்டுபோகும் இயக்குநீர்கள் இவைதான்), ஹீமோகுளோபின், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹெமட்டோகிரிட், கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகள். ஊசியே போடாதவருக்கு உண்மையாகவே அளவு ஏறியிருந்தால் விந்தகத்துக்கு ஸ்கேன் அவசியம், அங்கே கட்டி தட்டுப்பட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று, டெஸ்டோஸ்டிரோனுக்குப் பதிலாக அதே இனத்தைச் சேர்ந்த வேறு ஸ்டீராய்டு போட்டவருக்கு ரிப்போர்ட்டில் அளவு குறைவாகவே வரலாம். அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஊசி போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

மருந்துதான் காரணம் என்றால் நிறுத்துவதுதான் வைத்தியம், ஆனால் தானாகத் திடீரென்று நிறுத்தினால் சொந்தச் சுரப்பு திரும்பும் வரை மாதக் கணக்கில் சோர்வும் மனத் தளர்ச்சியும் வாட்டும், சிலர் அது தாங்காமல் மறுபடி ஊசிக்கே போய்விடுகிறார்கள். ஹார்மோன் டாக்டர் துணை வேண்டும். நம் வேலூர் சி.எம்.சி.யிலேயே அதற்குத் தனித் துறை இருக்கிறது. விந்தணு பெரும்பாலும் 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் திரும்பும், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம்.

கல்யாணமாகிக் குழந்தை தள்ளிப்போனால் நம் பக்கம் முதலில் பெண்ணைத்தான் ஸ்கேனுக்கும் கோயிலுக்கும் அலைய விடுகிறோம், ஜிம் உடம்போடு நிற்கும் மாப்பிள்ளையை யாரும் கேட்பதில்லை. அந்த வீட்டில் முதல் வாரமே செய்ய வேண்டியது அவருடைய விந்துப் பரிசோதனை. போகும்போது என்ன போட்டீர்கள், எத்தனை மாதம் போட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள், காலிச் சீசா கிடந்தால் அதையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.