விளக்கை இறக்கிப் பார்த்தால் போதுமா?

தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பாழுங்கிணறு, செப்டிக் டேங்க் என்று பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "விளக்கை இறக்கிப் பார்ப்போம் சார். அணையலன்னா இறங்குவோம்."

அந்தப் பழக்கத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். அந்தப் பாதியைப் புரிந்துகொள்ளவே அறிவியலுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

17ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர், 62 பவுண்டு கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது என்று கண்டார். மற்ற 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாகப் போய்விட்டது என்று கணக்கிட்டு, அதற்கு 'கேஸ்' என்று பெயர் வைத்தார். (எரியும்போது ஆக்சிஜனும் சேர்வதால் வெளியேறும் வாயுவின் உண்மையான எடை இன்னும் அதிகம்.) அதற்குப் பிறகும் வெகுகாலம், காற்று ஒன்றுதான், அதில் சுத்தமானது, கெட்டது என்றுதான் வித்தியாசம் என்று பலரும் நினைத்தார்கள்.

அதை மாற்றியவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக். 1750களில், சூடாக்கிய பொருள் எவ்வளவு எடை இழக்கிறது என்று நிறுத்துப் பார்த்தே, வெளியேறும் வாயு வேறு ஒரு பொருள் என்று காட்டினார். அதில் விளக்கு அணைந்தது, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் பாலாய் வெளுத்தது. நாம் விடும் மூச்சிலும் அப்படியே. அதுதான் கார்பன் டை ஆக்சைடு.

சரி, அது ஏன் கிணற்றடியில் தங்குகிறது? ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும், சம கன அளவுள்ள எந்த வாயுவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்றார் இத்தாலிய விஞ்ஞானி அவகாட்ரோ, 1811இல். அப்படியென்றால் மூலக்கூறு கனமாக இருந்தால் வாயுவும் கனம். காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29, கார்பன் டை ஆக்சைடுக்கு 44. காற்றோட்டமில்லாத குழியின் அடியில் உருவாகும் கனமான வாயு லேசில் மேலே வராது.

இனி அந்த விளக்குக்கு வருவோம். கழிவுத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு போதும், ஆளைக் கொன்றுவிடும். விளக்கோ அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்றும் நம்ப முடியாது, அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். மீத்தேன் இருந்தாலோ அந்த விளக்கே வெடிக்கு வழி.

கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்கவே இறக்காதீர்கள், இயந்திரம் வைத்து உறிஞ்சுங்கள். கிணறு என்றால் புளோயர் போட்டு, வாயு மீட்டரைக் கயிற்றில் இறக்கி அடிவரை அளந்து பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரும் இறங்க வேண்டாம். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால், கூடப் பிறந்தவராகவே இருந்தாலும், சுவாசக் கருவி இல்லாமல் பின்னால் குதிக்காதீர்கள். மேலே நின்றபடியே 101க்குக் கூப்பிடுங்கள்.