‘மாடல் அழகி’யில் அழகி எதற்கு?

1960களின் அமெரிக்க மாடல் டோன்யேல் லூனாவைப் பற்றித் தமிழில் படிக்கப் போனால் முதல் வரியிலேயே தடுக்கி விழ வேண்டியிருக்கிறது. ‘அமெரிக்காவின் முதல் கறுப்பின மாடல் அழகி’ என்பார் ஒருவர். தூய தமிழ்ப் பிடிப்புள்ள இன்னொருவர் அதைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு ‘கறுப்பின வடிவழகி’ என்பார். மூன்றாமவர் ‘நடிகையாக மாறிய கறுப்பழகி’ என்று முடித்துவிடுவார். மூன்றிலும் அந்த ‘அழகி’ விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் எங்கிருந்து வந்தாள்?

மூலச் சொல்லில் அவள் இல்லை. லத்தீனில் ‘மோதுஸ்’ என்றால் அளவு; அதன் சிறுமை வடிவமான ‘மோதுலுஸ்’ சிற்றளவு. இத்தாலியில் ‘மொதெல்லோ’ ஆகி, பிரெஞ்சு வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. முதலில் கட்டடத்தின் சிற்றுருவைக் குறித்தது. பிறகு ஓவியர் பார்த்து வரைவதற்காக உட்காருபவரை. துணி உடுத்திக் காட்டுபவர் என்ற பொருள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்ததுதான். தையற்காரரிடம் ‘அளவு ஜாக்கெட்’ கொடுக்கிறோமே, அந்த ‘அளவு’தான் சொல்லின் வேர். பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தொழிலுக்கு வைத்திருக்கும் சொல் வேறு: ‘மானெக்கன்’. அது டச்சு மொழியில் ‘குட்டி மனிதன்’; ஓவியர்கள் பயன்படுத்திய, மூட்டு மூட்டாக மடங்கும் மரப்பொம்மை. 1850களில் பாரிஸ் கடையொன்றில் சால்வை போர்த்திக் காட்டிய மரி வெர்னே தொடங்கி, பெரும்பாலும் பெண்கள் செய்த வேலைக்கு ஆண்பால் பெயர்! அளவு, பொம்மை, குட்டி மனிதன் என்று எல்லாம் இருக்கிறது. அழகு மட்டும் இல்லை.

தமிழில் அது ‘உலக அழகி’ வழியாக உள்ளே புகுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அங்கே ‘அழகி’ ஒரு பட்டம். போட்டி வைத்து, மதிப்பெண் போட்டு, தலையில் கிரீடம் வைத்துக் கொடுப்பது. அதைப் பார்த்து மாடலுக்கும் ஒட்டவைத்துவிட்டார்கள். இன்று நாளிதழின் குற்றச்செய்திப் பக்கத்தில்கூட ‘மாடல் அழகி கைது’ என்றுதான் தலைப்பு. அதே வேலையைச் செய்யும் ஆண் மாட்டிக்கொண்டால் ‘மாடல் அழகன் கைது’ என்று யாரும் போடுவதில்லை. அவர் வெறும் ‘மாடல்’. ஒரே தொழில், ஒருவருக்கு மட்டும் ஒட்டுச்சொல். மொழிபெயர்ப்பாளர் தான் பார்த்து ரசித்ததைத் தொழிற்பெயரில் ஏற்றிவிட்டார் என்றுதான் இதற்குப் பொருள்.

இனி வடிவழகி. இதைக் கொண்டாடுகிறவர்களுக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும். ‘வடிவு’ என்ற சொல்லுக்குத் தமிழில் உருவம் என்றும் பொருள் உண்டு, அழகு என்றும் பொருள் உண்டு. திருவொற்றியூர் அம்மன் வடிவுடையம்மன். அந்த ‘வடிவு’ வெறும் உருவமா? யாழ்ப்பாணத்தில் ‘வடிவான பிள்ளை’ என்றால் அழகான பிள்ளை என்றுதான் பொருள். ஆகவே யாழ்ப்பாணத்துக் காதில் வடிவழகி என்பது ‘அழகழகி’. ஒட்டுச்சொல்லை நீக்கித் தமிழாக்குகிறேன் என்று கிளம்பியவர் அதை இரண்டாகப் பெருக்கிவிட்டார்.

சரி, ‘வடிவு’ உருவத்தையே குறிக்கட்டும். அப்போதும் சிக்கல் தீரவில்லை. துணியை வடிவமைப்பவருக்கு ‘வடிவமைப்பாளர்’ என்ற பெயர் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. ‘வடிவமைப்பாளரின் புதிய வடிவங்களை வடிவழகிகள் அணிந்து வந்தனர்’ என்று எழுதிப் பாருங்கள். தைத்தது யார், உடுத்தியது யார், மேடையில் நடந்தது யார் என்று வாசகர் விரல் விட்டு எண்ணவேண்டும்.

இன்னும் வலுவான தடையை லூனாவின் வாழ்க்கையே தருகிறது. 1967இல் லண்டனைச் சேர்ந்த அடெல் ரூட்ஸ்டீன் நிறுவனம் அவரைப் பார்த்து ஒரு துணிக்கடை பொம்மை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டிஷ் மாடல் ட்விக்கிக்குச் செய்ததைப் போல. அந்தப் பொம்மைதான் வடிவு. நீண்ட கழுத்தும் நீண்ட கைகால்களுமாகக் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நிற்கும். லூனா செய்ததோ வேறு வேலை. புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடனின் கேமரா முன்னால் உடம்பை வில்லாக வளைப்பது, விரலை எங்கே வைப்பது, எந்தக் கணத்தில் கண்ணைத் திறப்பது என்பதெல்லாம் அவர் முடிவு செய்து செய்தவை. பொம்மைக்குப் பொருந்தும் சொல்லை ஆளுக்குச் சூட்டினால் ஆள் செய்த வேலை மறைந்துபோகிறது. ‘மாதிரி’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாமே என்பவர்களுக்கும் இதே பதில். தவிர ‘மாதிரி அழகி’ என்றால் ‘அழகி மாதிரி’ என்றுதான் தமிழன் காதில் விழும், அவமானம் வேறு.

‘ஒயிலாள்’ என்றொரு சொல்லும் உலவுகிறது. ஒயிலாட்டத்தின் ஒயில் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதுவும் அழகி வந்த கொல்லைப்புறம்தான். நடையைப் புகழ்கிறது, தொழிலைச் சொல்லவில்லை.

நான் ஆதரிப்பது உடைகாட்டுநர். ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர் என்று ‘நர்’ விகுதி செய்பவரைச் சொல்லும். ஆணா பெண்ணா என்று கேட்காது. (அதை ‘ஓட்டுனர்’, ‘இயக்குனர்’ என்று எழுதும் கூட்டத்தோடு இன்னொரு நாள் மல்லுக்கட்டலாம்.) ‘வழிகாட்டி’ போல இடையில் ஒற்று மிகாது. சோப்பும் நகையும் காட்டுகிறாரே, அங்கே உடை எங்கே என்று கேட்டால், ‘விளம்பரக் காட்டுநர்’ என்று மாற்றிக்கொள்ளலாம். நண்பர் ஒருவர் ‘காட்டுநர் என்றால் காட்டு நரியா?’ என்றார். சிரித்தேன், ஆனால் சொல்லை விடவில்லை. பேச்சில் ‘மாடல்’ என்றே சொல்லுங்கள், குடி முழுகிவிடாது. நல்ல தமிழில் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தால் மட்டும் அழகியைக் கூப்பிடாதீர்கள்.

‘கறுப்பழகி’க்கு வருகிறேன். நம் வீடுகளில் ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்பார்கள். அந்த ‘இருந்தாலும்’ இருக்கிறதே, அதைச் சுருக்கி இரண்டு சொல்லுக்கு நடுவே ஒளித்துவைத்த தொகைதான் கறுப்பழகி. வெள்ளை மாடலை யாரும் ‘வெள்ளையழகி’ என்பதில்லை. லூனாவுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தாது. 1945இல் டெட்ராய்ட்டில் பெக்கி ஆன் ஃப்ரீமன் என்று பிறந்து, பெயரைத் தானே மாற்றிக்கொண்டவர்; தன் பூர்வீகம் பற்றிக் கேட்டவர்களிடம் மெக்சிகோ, அயர்லாந்து என்று வெவ்வேறு கதை சொன்னவர். அது சரியா தப்பா என்று இன்றும் வாதிடுகிறார்கள். இனம் என்ற பெட்டிக்குள் அடங்க மறுத்தவரைத் தமிழில் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். இனத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத்தான் வேண்டும். அதற்குக் ‘கறுப்பின’ போதும். வல்லின றகரமா இடையின ரகரமா என்று சண்டை பிடிப்பவர்கள் ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ (இரண்டும் சினத்தைக் குறிக்கும்) என்ற தொல்காப்பிய நூற்பாவோடு நின்றுவிடுகிறார்கள். நிறத்தைக் குறிக்கவும் அவை உரியவை என்று அடுத்த நூற்பா சொல்வதையும் படிக்கலாம்.

இனத்தைச் சொல்ல வேண்டிய இடம் எது? பிரிட்டிஷ் வோக் என்ற ஃபேஷன் இதழின் 1966 மார்ச் மாத அட்டை. டேவிட் பெய்லி எடுத்த படம். விரல்களுக்கு நடுவே ஒற்றைக் கண் நம்மைப் பார்க்கிறது. மூக்கையும் வாயையும் கை மறைத்திருக்கிறது. அந்த இதழின் அட்டையில் வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் ஹார்ப்பர்ஸ் பஜார் அட்டையில் வந்தபோது அது புகைப்படமல்ல, வரைந்த ஓவியம். அமெரிக்க வோக் தன் அட்டையில் ஒரு கறுப்பினப் பெண்ணை வைக்க 1974 ஆகஸ்ட் வரை, பெவர்லி ஜான்சன் வரை, காத்திருந்தது. இத்தனை நுணுக்கமும் தமிழுக்கு வரும்போது ‘முதல் கறுப்பின மாடல் அழகி’ என்று தேய்ந்துவிடுகிறது. முதல் அட்டைப்படம் வேறு, முதல் மாடல் வேறு. லூனா பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்துக்கு முன்பே டோரதியா டவுல்ஸ் என்ற கறுப்பினப் பெண் பாரிஸில் டியோரின் உடைகளை உடுத்தி நடந்திருக்கிறார். நியூயார்க்கில் ஒஃபீலியா டிவோர் 1946இலேயே கறுப்பின மாடல்களுக்கான முகமை தொடங்கிவிட்டார். ஒரு பெயரடையை இடம் மாற்றிப் போட்டு இவர்களையெல்லாம் அழித்துவிடுகிறோம்.

கடைசியாக ‘மாறிய’. ஆங்கிலத்தில் ‘மாடல் டர்ன்ட் ஆக்ட்ரஸ்’ என்று மூன்று சொல். நம் மொழிபெயர்ப்பாளருக்கு ‘டர்ன்ட்’ கண்ணில் பட்டவுடன் கை ‘மாறிய’ என்று எழுதிவிடுகிறது. அவசரத்தில் ‘மாடலாக மாறிய நடிகை’ என்று தலைகீழாகக் கவிழ்ப்பவர்களும் உண்டு. தமிழில் ஆள் மாறுவதில்லை, ஆகிறார். ‘மாடலாக இருந்து நடிகையானவர்’ என்றால் முடிந்தது. லூனா விஷயத்தில் அதுகூடப் பிழை. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனவரல்ல அவர். அவெடனுக்கு நின்ற அதே 1965இல் ஓவியரும் திரைப்படக்காரருமான ஆண்டி வார்ஹோலின் கேமரா முன்னாலும் உட்கார்ந்தார். 1968இல் ஆட்டோ பிரெமிஞ்சர் படத்தில், 1969இல் ஃபெல்லினியின் ‘சத்திரிக்கான்’ படத்தில் ஓனோதியா என்ற சூனியக்காரியாக, 1972இல் கார்மெலோ பெனேயின் ‘சலோமே’யில் தலைப்புப் பாத்திரமாக என்று இரண்டு வேலையும் பின்னிப் பின்னியே நடந்தன.

ஆகவே அகராதிக் குறிப்பாக எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: ‘டோன்யேல் லூனா (1945–1979): டெட்ராய்ட்டில் பிறந்த அமெரிக்க உடைகாட்டுநர், திரைநடிகை. பிரிட்டிஷ் வோக் இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண். நியூயார்க், லண்டன், ரோம் நகரங்களில் பணியாற்றினார். ரோமில் 33 வயதில் இறந்தார்.’