"கவர்னர் கையெழுத்துப் போடவில்லை" என்று கென்யா கவுன்டி ஆபீஸில் சொன்னால்

கென்யாவில் கவுன்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, ஆனால் தனி அரசு உண்டு) சரக்கு சப்ளை செய்துவிட்டுப் பணத்துக்கு அலைகிறவர்கள் பலரைப் பார்த்தாயிற்று. கவுன்டரில் சொல்வது ஒன்றுதான்: "பட்ஜெட்டில் கவர்னர் கையெழுத்துப் போடவில்லை, அடுத்த மாதம் வாங்க." உடனே நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

அங்கே கவர்னர் என்றால் ராஜ்பவன் கவர்னர் இல்லை, தேர்தலில் ஜெயித்து வந்தவர். 47 கவுன்டிகளுக்கும் ஒவ்வொருவர், எதிரே ஒரு சட்டசபை. மசோதா ஆண்டுக்கணக்கில் மேசையில் கிடப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு நல்ல செய்தி: கவுன்டி அரசுகள் சட்டம் 2012, பிரிவு 24-ன்படி அவருக்கு 14 நாள்தான். அதற்குள் கையெழுத்திட வேண்டும், அல்லது காரணம் எழுதி மெமோராண்டத்தோடு சபைக்குத் திருப்ப வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் ஒப்புதல் தந்ததாகவே கணக்கு. திருப்பினாலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் மறுபடி நிறைவேற்றினால் 7 நாளில் அவர் ஒப்புதல் தந்தாக வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. பட்ஜெட் மசோதா கவர்னரிடம் போன தேதி என்ன? மெமோராண்டம் வந்ததா? இதைக் கேட்டதும் குரல் மாறும்.

அடுத்த சாக்கு, "பணமே இல்லை". பட்ஜெட் இழுபறியில் இருந்தாலும், மதிப்பீட்டில் பாதி வரை எடுக்கச் சபை அனுமதி தரலாம். வோட் ஆன் அக்கவுண்ட் என்பார்கள். அதிலும் அரசுப் பணம் எடுப்பதற்கு அனுமதி தரும் அதிகாரியான கன்ட்ரோலர் ஆஃப் பட்ஜெட் சரி என்றால்தான் பணம் நகரும். சம்பளம் முதலில் போகும், சப்ளையர் கடைசியில். நிதியாண்டு முடியும் ஜூன் 30 தாண்டினால் அந்த ஆண்டின் ஒதுக்கீடு காலாவதி. அதற்குள் உங்கள் இன்வாய்ஸ் 'பெண்டிங் பில்' (கொடுக்க வேண்டிய பாக்கி) பட்டியலில் ஏறியதா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்பினால் அடுத்த வருடம் புது அதிகாரி "எந்த பில்?" என்பார்.

கவுன்டி சபை உறுப்பினர் உங்கள் தெரு ரோட்டை பட்ஜெட்டில் சேர்த்துவிட்டேன் என்றால், எதில் வெட்டினீர்கள் என்று கேளுங்கள். ஓர் இடத்தில் கூட்டினால் இன்னோர் இடத்தில் குறைத்தே ஆக வேண்டும்.

நியமனத்தில் சண்டை இன்னும் மோசம். 2018 ஜனவரியில் நைரோபி துணைக் கவர்னர் பாலிகார்ப் இகாத்தே விலகினார். துணைக் கவர்னர் இடம் காலியானால் 14 நாளில் கவர்னர் புதுப் பெயர் சொல்ல வேண்டும், 60 நாளில் சபை முடிவெடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. நாற்காலி நிரம்பியது 2021 ஜனவரியில்! நடுவில் கவர்னர் மைக் சோன்கோ பட்ஜெட் மசோதாவிலும் கையெழுத்திட மறுத்து, 2020 டிசம்பரில் பதவியே பறிபோனது.

துறைத் தலைவராக கவர்னர் சொல்லும் ஆளைச் சபை விசாரித்துத்தான் ஏற்க முடியும். அந்த ஆள் உங்களை ஏமாற்றியவரா? விசாரணை தேதியைக் குறைந்தது 7 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். விசாரணைக்கு முன்னால், சத்தியப் பிரமாணத்தோடு, எழுத்தில், சபையின் கிளார்க்கிடம் ஆதாரத்தைக் கொடுங்கள். வாட்ஸ்அப் புகார், கவர்னர் ஆபீஸில் போட்ட மனு, விசாரணை நாளன்று வாசலில் போட்ட கூச்சல் எதுவும் கணக்கில் வராது. பத்திரிகை அறிவிப்பு மூலையில் சின்ன எழுத்தில் வரும், கண்ணில் படாது. அதனால் பெயர் அடிபட்டதுமே கிளார்க் ஆபீஸுக்குப் போய்த் தேதியைக் கேளுங்கள். கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.