பிரஷ் கட்டர் புதுசுதான், பிஸ்டன் ஏன் ஜாம் ஆனது?

பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகளில் நாலு மழை விழுந்து புல் முழங்காலுக்கு வந்துவிட்டால், பட்டறைக்கு, தோளில் மாட்டிப் புல் வெட்டும் மிஷினான பிரஷ் கட்டர்கள் வரத் தொடங்கிவிடும். கொண்டுவருகிறவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: "தம்பி, மிஷின் புதுசுங்க. நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு. இப்பக் கயிறே இழுக்க வரமாட்டேங்குது. கம்பெனி சரியில்லீங்க."

பதில் சொல்வதற்கு முன் சைலன்சரைக் கழற்றிவிடுவேன். புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். நல்ல பிஸ்டன் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். ஜாம் ஆனதில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருக்கும். அலுமினியம் உருகி ரிங்கின் மேல் இழுபட்டு அப்பியிருக்கும். இதைக் காட்டிய பிறகுதான், "எந்த கேன்லருந்துங்கண்ணா பெட்ரோல் ஊத்தினீங்க?" என்று கேட்பேன். பெரும்பாலும் பைக்குக்கு வாங்கி வைத்த வெறும் பெட்ரோலாக இருக்கும்.

இப்படி ஜாம் ஆகி வருபவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். இவற்றில் எண்ணெய்க்கென்று தனி அறை கிடையாது. கிராங்க், பேரிங், பிஸ்டன் எல்லாவற்றுக்கும் பெட்ரோலில் கலந்து வரும் 2டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயில் மட்டுமே மசகு. நிமிடத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்றும் எஞ்சினுக்கு அது வராமல் போனால் சில நிமிடங்களில் பிஸ்டனும் அது ஓடும் சிலிண்டர் சுவரும் கடித்துக்கொள்ளும். அதில் கம்பெனியின் குற்றம் எதுவும் இல்லை.

ஆகவே மிஷினை வாங்கியதும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பது. எஞ்சின் ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக். உதாரணமாக ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 எஞ்சினுக்கு அந்த மூடி வழியாக 100 மில்லி எஞ்சின் ஆயில், டேங்கில் வெறும் பெட்ரோல். தனி மூடி இல்லையென்றால் டூ ஸ்ட்ரோக், கலவை கட்டாயம். ஒரே தோப்பில் இரண்டும் இருந்தால் இரண்டு நிறத்தில் கேன் வையுங்கள். கூலிக்கு வருகிறவரிடம் வாயால் சொல்லி அனுப்புவது போதாது.

கலவை அளவு மிஷினுக்கு மிஷின் மாறும். டேங்க் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். 50:1 என்றால் ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. விலை குறைந்த 52 சிசி மிஷின்கள் பலவற்றுக்கு 25:1 போட்டிருப்பார்கள். "ஒரு மூடி ஊத்துவோங்க" என்கிறவர்களிடம் எந்த பாட்டிலின் மூடி என்று கேட்டால் பதில் வராது. மெடிக்கலில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசியை எடுத்துப் போட்டுவிட்டு கேனோடு கட்டி வைத்தால் வேலை முடிந்தது.

ஆயிலும் காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக்குக்கானதாக, டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி (JASO FC, FD) என்ற தரக்குறி அச்சிட்டதாக இருக்க வேண்டும். படகு எஞ்சினுக்கு விற்கும் ஆயில் தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கானது, இந்தச் சூட்டுக்குத் தாங்காது. பைக்குக்கு ஊற்றும் எஞ்சின் ஆயிலைக் கலந்தால் சரியாக எரியாமல் பிளக்கில் கரியும் சாம்பலும் ஏறும். கொஞ்சம் கூடவே ஊற்றினால் நல்லதுதானே என்பதும் தப்பு. புகை கூடும், பிளக் நனையும், நாளடைவில் சைலன்சர் வாய் கரியால் அடைத்து மிஷின் இழுவை இல்லாமல் போகும்.

கலக்கும்போது பாதி பெட்ரோல், பிறகு ஆயில், மூடிக் குலுக்கி, மீதிப் பெட்ரோல். ஒவ்வொரு முறை டேங்கில் ஊற்றும் முன்னும் கேனை ஒரு குலுக்குக் குலுக்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் கலந்து வைக்க வேண்டாம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பல பிரஷ் கட்டர் கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரத்தையும் பெட்ரோல் டியூபையும் பாழாக்கும். பங்க்கை மாற்ற நம்மால் முடியாது. ஆனால் அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மீதியைத் தேங்கவிடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் ஊற்றும் இடத்தில்தான் எனக்கு உண்மையான பயம். டேங்குக்கும் சைலன்சருக்கும் இடையே ஒரு சாண் கூட இருக்காது. ஓடி நின்ற சைலன்சர் மேல் நாலு சொட்டு சிந்தினால் போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். அதனால் பத்து அடி தள்ளி ஒருவர் பீடி பிடிப்பதும் ஆபத்துதான். எஞ்சினை நிறுத்தி, தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, சூடு ஆறவிடுங்கள். டேங்க் மூடியை மெதுவாகத் திறங்கள், உள்ளே அழுத்தம் இருக்கும். முட்ட ஊற்றாதீர்கள். சிந்தியதைத் துடைத்து, ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவரும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். குடிக்கும் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே அதையும் வைப்பார்கள்.

மாட்டும் வேலையில் அதிகம் தகராறு வருவது பிளேடு நட்டில். பெரும்பாலான மிஷின்களில் அது இடது மரை, கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி மரை போன கியர் ஹெட்டுகள் (பிளேடு மாட்டும் முனை) என் மேஜைக்கு நிறைய வருகின்றன. கியர் ஹெட்டில் உள்ள துளையில் கம்பியை விட்டுச் சுழலாமல் பிடித்துக்கொண்டு, கையுறையோடு கழற்றுங்கள்.

இடைஞ்சல் என்று கவசத் தகட்டைக் கழற்றி எறிபவர்களுக்கு ஒன்று: பிளேடில் பட்ட கல் முதலில் வருவது உங்கள் முழங்காலுக்கும் கண்ணுக்கும்தான். அடுத்த ஆள் 15 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும், அது உதவிக்கு வந்த மகனானாலும் சரி. தோள் பெல்ட்டை, மிஷின் தொங்கும் கொக்கி இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும்படி இறுக்கினால் முதுகு தப்பிக்கும். பிளேடைக் கடிகாரம் போல நினைத்து, 12 உங்களுக்கு நேர் எதிரே இருப்பதாக வைத்துக்கொண்டால், 12-க்கும் 3-க்கும் நடுவே கட்டையோ கல்லோ பட்டால் மிஷின் உங்களைத் தள்ளிக்கொண்டு எகிறும். இடது பக்கம்தான் வெட்டும் பக்கம். மரத்தடியிலும் சொட்டுநீர் குழாய் ஓரத்திலும் கையால் அறுத்துவிடுங்கள். பிளேடுக்குப் பதில் மாட்டும் நைலான் கயிறு கூடக் குழாயைக் கிழிக்கும், இளங்கன்றின் பட்டையை உரிக்கும். நைலானுக்குப் பதில் கம்பி கட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், அறுந்தால் அது தோட்டா.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டரை விட்டுப் பாருங்கள். பிளேடு நிற்க வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால் எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவைக் குறையுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும், பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

சீசன் முடிந்தால் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதையும் எரித்துவிட்டு மூலையில் சாய்த்து வையுங்கள்.